பெயர் அட்டைகள்

ஃப்ரீஸ்லாந்தின் வடகரையில்
இறால் அவித்த பழைய கொட்டகை.
மூன்று பேரின் கண்காட்சிக்கு
அட்டை எழுதும் வேலை எனக்கு.
தண்ணீர் வாரியத்தில் முப்பது வருடம்
ஓதத்தின் உயரத்தைப் பதிவேட்டில் ஏற்றிய கை;
எழுத்து நேராக நிற்குமாம்.

வீப்ரனின் சீலை இரண்டு மீட்டர் அகலம்.
சாம்பல், அதன்மேல் இன்னொரு சாம்பல்,
இடது ஓரத்தில் மட்டும்
பழைய எலும்பின் மஞ்சள்.
அடிவானம் எங்கே என்றேன்.
"நவம்பர் வரை இருந்தது.
எல்லோரும் அதிலேயே போய்ச் சாய்ந்து நிற்கிறார்கள்,
சுரண்டிவிட்டேன்."
பெயரில்லை என்று எழுதச் சொன்னான்.
எழுதினேன்.

ஹில்ட்ஷே, மெழுகு பூசிய துத்தநாகத் தகட்டைக்
கரைச்சுவருக்கு அப்பால் சேற்றில் புதைத்து
ஒரு மாதம் ஓதத்திடம் விட்டுவைத்தவள்.
அமிலம் வாங்கக் காசில்லை என்பதும் ஒரு காரணம்.
புழு ஊர்ந்து மெழுகைக் கீற,
கீறிய வழியே உப்பு தின்றது.
மை தேய்த்து உருளைக்குள் தள்ளினால்
தாளில் வந்தது படமா தழும்பா தெரியவில்லை.
பதினொரு பிரதி. பன்னிரண்டில் தகடு கிழிந்தது.
தன் பெயருக்கு முன்னால்
கடலின் பெயரையும் போடச் சொன்னாள்.
விலையில் பாதி அதற்கா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.

திறப்பு நாளில் இலவச மதுவுக்கு வந்த டௌவே,
இறால் படகுக்காரன்,
அவள் அச்சின் முன்னால் கோப்பையோடு நின்றுவிட்டான்.
"இது போன வருடத்துக் கால்வாய்.
இப்போது இங்கே போனால் தரை தட்டும்.
பழையதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
என் சட்டைப் பையிலிருந்து பென்சிலை உருவி
சட்டகத்துக்கு வெளியே, வெள்ளைச் சுவரில்,
கிழக்கே வளைத்து ஒரு கோடு போட்டான்.
அதை அழிக்க ஹில்ட்ஷே விடவில்லை.
வீப்ரனுக்குத்தான் முகம் கொஞ்சம் சிறுத்தது:
அவன் சீலையைத் தாண்டும்போது டௌவே
கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டான்.

ஷௌக்யேவின் கிண்ணங்களும் அதே சேறுதான்.
சிப்பித் துணுக்கைச் சலித்து எடு,
சுட்டால் சுண்ணாம்பாகும், பிறகு ஈரம் குடித்து
உள்ளிருந்தே உடைக்கும் என்று
சூளை வாடகைக்குத் தந்தவர் சொல்லியிருந்தார்.
அவள் சலிக்கவில்லை.
அட்டையும் வேண்டாம் என்றாள்.

திங்கட்கிழமை. ஆளில்லாத கொட்டகை.
டிக்.
எலியோ என்று பார்த்தேன்.
பெரிய கிண்ணத்தின் விளிம்பில் நகத்தளவு சில்லு போய்
அந்தக் குழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.
தொலைபேசியில் சொன்னேன்.
உடைந்ததா என்று கேட்கவில்லை அவள்;
"எத்தனை மணிக்கு?"

பத்து நாற்பதுக்கு.
கை சும்மா இருக்குமா,
ஏற்கெனவே ஒரு வெற்று அட்டையில் குறித்திருந்தேன்.
செவ்வாயன்று இரண்டு முறை.
வியாழன் மழை, ஐந்து.
வீப்ரன் தினமும் வந்து
தன் சீலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
கிண்ணத்துக்குக் காது கொடுத்தான்.

க்ரோனிங்கனிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருத்தி
அதை வாங்கினாள்.
வீட்டில் வைத்தால் நிற்குமா என்றாள்.
தெரியாது என்றேன்.
சில்லுகளைத் தனிப் பொட்டலமாக மடித்து
அட்டையையும் சேர்த்துக் கட்டினேன்.
கடைசி எண்ணுக்குக் கீழே
இன்னும் இடமிருக்கிறது.