பிடரி

வெந்தா ஆறு உறைந்த ஞாயிறு.
குல்டீகா முழுக்கப் போர்வைக்குள் கிடக்க
விழித்திருந்தவை இரண்டு விளக்குகள்:
என் முடிதிருத்தகம் ஒன்று,
எதிர்ச்சாரியில் இந்தூலிஸின் கடை இன்னொன்று.

கெட்டில் ஆவி கண்ணாடியை மூடியது.
விரலால் நான்கு கட்டம் போட்டு எண்களை நிரப்பினேன்.

இருவரும் அடைத்தால்
அதே தலைகள் சனியும் திங்களும் வரும்.
ஆளுக்கு நாற்பது யூரோ,
கொசுறாக ஒரு முழுத் தூக்கம்.
அவர் அடைத்து நான் திறந்தால்
எனக்கு ஐம்பத்தைந்து, அவருக்கு இருபத்தைந்து.
மாறினால் மாறும்.
இருவரும் திறந்தால்
விறகுச் செலவு போக முப்பது, முப்பது.

அவர் அடைப்பார் என்று வைத்துப் பார்த்தேன்:
திற என்றது கணக்கு.
திறப்பார் என்று வைத்துப் பார்த்தேன்:
அப்போதும் திற என்றது.
அவர் நல்லவரா, பேராசைக்காரரா,
மனைவி இறந்தபின் இரவில் தூங்குகிறாரா,
ஒன்றும் தெரிய வேண்டாம்.
எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் கணக்குக்குக்
காது எதற்கு?

அப்படித்தான் நான்காவது கட்டத்தில் மாட்டிக்கொண்டோம்.
நான் ஒருத்தி மட்டும் வெளியே வந்தால்
ஐந்து யூரோ நட்டம்.
வரவில்லை.
அவரும் வரவில்லை.
பதினோரு வாரமாக
ஒருவர் விளக்கை ஒருவர் காவல் காக்கிறோம்.

மூன்றரைக்குக் கதவு மணி.
இந்தூலிஸ்.
தொப்பியைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் புதர்.
தன் கையே தனக்குதவி என்பது
பிடரிவரை எட்டாது போலும்.
"லீபாயா போய் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் பஸ் காசு..." என்று
பாதியில் விட்டார்.

உட்கார்ந்தார். துணி கட்டினேன்.
எதிரே அவர் கடையில்
விளக்கு மட்டும் தனியாக வியாபாரம் பார்த்தது.

இப்போது அவர் குடுமி என் கையில்.
சவரக்கத்தி பிடரியில் இறங்கியபோது
எச்சில் விழுங்கினார்,
தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியது.
இந்த ஆட்டத்துக்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

அவசரத்தில் கண்ணாடியைத் துடைக்க மறந்திருந்தேன்.
நாற்பது, நாற்பது
சொட்டாகி வழிந்து
அவர் பிம்பத்தின் நெற்றியில் வந்து நின்றது.
பார்த்தார். ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.
"ஐம்பத்தைந்து கொஞ்சம் அதிகம்," என்றார்.
"எனக்கு ஐம்பதுதான் வந்தது."

"ஐம்பதென்றாலும் திறக்கத்தான் சொல்லும்."

"சொல்லுகிறது," என்றார்.
தலையை அசைக்கவில்லை; கத்தி இருந்தது.

போகும்போது பத்து யூரோ நோட்டு ஒன்றும்
இரண்டு யூரோ நாணயமும் வைத்தார்.
நோட்டின் ஒரு மூலை கிழிந்திருந்தது.
அடுத்த ஞாயிறு
என் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து
அவர் நாற்காலியில் உட்கார்ந்து
அதே நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன்.

என் முடி அதற்குள் அவ்வளவு வளர்ந்திருக்காது.
அது அவருக்கும் தெரியும்.