பதினொரு மீட்டர்

விடிகாலை ஐந்துக்கு வேன் வந்தது.
ஸ்வாகோப்முண்டுக்கு வெளியே
மணல்மேட்டின் அடியில்
எட்டுப் பேரையும் இறக்கிவிட்டார்கள்.
நாளுக்கு எழுநூறு நமீபிய டாலர்,
மதியச் சாப்பாடு உண்டு,
வசனம் கிடையாது.

பட்டியலில் என் பெயர் 'பின்னணி நான்கு'.
ஒகஹாண்ட்யா கடைத்தெருவில் கேட்டால்
கவேசெம்பி என்பார்கள்,
தையல் மிஷினுக்கு இரண்டு தவணை பாக்கி வைத்திருப்பவள்
என்பார்கள்.

ஜெர்மன் தொலைக்காட்சிக்கு அழகிப் போட்டி.
வாரம் ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும்.
அழுகையை அருகிலிருந்து பிடிக்க
தனியாக ஒரு கேமரா, தனியாக ஓர் ஆள்.
அவன் மட்டும் நாற்காலியில் உட்காரவே இல்லை.

இந்த வாரம் 'பாலைவன ராணி'.
எங்கள் கவுனைத் தொடையோடு வெட்டியிருந்தார்கள்.
பதினொரு மீட்டர் துணி போகும் உடுப்பு;
மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று
கேட்க வாய் வந்தது, தையல்காரி வாய்.
எங்கள் தொப்பியைத் தங்கத் தாளில் செய்திருந்தார்கள்.
இருபுறமும் படுத்துக் கிடக்க வேண்டிய கொம்பு
வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது.
காற்று வந்தது. தொப்பி போனது.
கடல்வரை யாரோ துரத்தினார்கள்.

உடை அலங்காரம் தோர்பென் என்னிடம் வந்தான்.
'உங்களுடையதைக் கொடுங்கள், ஒரே ஒரு ஷாட்.'
மறுத்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
கழற்றிக் கொடுத்தேன்.
தலை சட்டென்று குளிர்ந்தது.

'இது முதலில் எங்கள் பாதிரியார் மனைவிகளின் உடைதானே?'
சிரித்தபடிதான் கேட்டான், நல்ல பையன்.
ஆமாம் என்றேன்.
உங்களிடமிருந்துதான் எடுத்தோம்.
வேன் திரும்பும் இடத்துக்கு இந்தப் பக்கம்
பெயர் போடாத மணல் குவியல்கள் வரிசையாக இருக்கின்றன,
போகும்போது பார்.
ரசீது அங்கே கிடக்கிறது.
இதில் பாதியை வாயால் சொன்னேன்.
மீதியை ஊசியைப் பல்லில் கடித்தபடி நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் பெயர் மரைகே, பிரேமன்காரி, பத்தொன்பது.
கழுத்தெல்லாம் மயிர்க்கூச்சம்.
நேற்றிலிருந்து ஆப்பிள் ஒன்றுதான் என்றாள், கேட்காமலே.
தொப்பியை வைத்தேன், ஊசி குத்தினேன்.
இரண்டு அடி எடுத்து வைத்ததும் தடுக்கிற்று.
வாடிக்கையாளர்களிடம் பொறுக்கிய என் ஜெர்மனில் சொன்னேன்:
'அவசரப்படாதே. பசு மாதிரி நட.'

எங்கள் கல்யாண வீட்டில்
மணப்பெண்ணுக்கு அதைவிடப் பெரிய சொல் கிடையாது.
அவர்கள் மொழியில் பசுவுக்கு 'கூ'.
அங்கே அது பெண்களின் இடுப்பைப் பார்த்து
எறிகிற கல்.

அவள் முகம் உடைந்தது.
நிற்கிற ஆள் ஓடி வந்தான்.

அவளை அணைத்து விளக்கப் போனேன்.
யாரோ என் முழங்கையைப் பிடித்து
சட்டகத்துக்கு வெளியே நகர்த்தினார்கள்.
மதியம் கோழியும் சோறும். உப்பு அதிகம்.

மூன்று மாதம் கழித்து
ஹாம்பர்கிலிருந்து உறவுக்காரி அனுப்பிய வீடியோ:
கறுத்த கை ஒன்று,
பெரிதாக்கிய ஊசி,
பாம்பு வருவதுபோல் இசை.
பிறகு என் குரல். 'கூ.'
அதற்கு முன்னும் பின்னும் இருந்த சொற்கள் இல்லை.
கேலி தாங்கி வென்றாள் மரைகே என்று
பின்குரல் சொல்லிற்று.
வசனம் கிடையாது என்றவர்கள்
ஒரு சொல் கொடுத்துவிட்டார்கள் எனக்கு.

மரைகே அடுத்த வாரம் போய்விட்டாளாம்.
அந்த அழுகையையும் பார்த்தேன்.
அதற்கு இசை வேறு.

தொப்பி திரும்பி வந்தபோது
இடக்கொம்பு நசுங்கியிருந்தது.
தையல் பிரித்தேன்.
உள்ளே நான் முன்பு சுருட்டி வைத்த பழைய செய்தித்தாள்:
செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி நிரல்,
ஏழரை, எட்டு, எட்டரை.
அதை எடுத்துவிட்டு
ஒப்பந்தத் தாளின் என் பிரதியை வைத்தேன்,
'பின்னணி நான்கு' உள்பக்கம் போகுமாறு.
தடித்த தாள், நல்ல தாள்.
கொம்பு கச்சிதமாகப் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அதைத்தான் போட்டுப் போனேன்.
தவணை இன்னும் ஒன்று பாக்கி.