வரிசை எண் 27

முதலில் இருமல் வரும்.
யாரை அழைத்தாலும் அந்த வருடம்
முன்பின் தெரியாத ஒருவர் இருமி முடித்த பிறகுதான்
மணி அடிக்கும்.
நாளுக்கு நாற்பது இருமல் கேட்பது என் வேலை.
ஒப்பந்த ஊழியர், மாதம் எட்டாயிரம்.
மஞ்சக்குப்பம் அலுவலகத்தில்
ஓடாத மின்விசிறிக்குக் கீழே நாற்காலி.

பிப்ரவரி முகாமில்
மார்பில் கட்டி என்று குறிக்கப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர்.
மேமோகிராம் மார்ச் இருபத்தேழு, புதுச்சேரி.
போக வர வண்டி உண்டு என்று
சீட்டிலேயே அச்சடித்திருந்தோம்.
இருபத்தைந்தாம் தேதி நாடு பூட்டிக்கொண்டது.
முள்ளோடையில் கட்டை போட்டார்கள்.
பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால்
தாண்டிவிடும் இடம் அது.
திடீரென்று வேறு மாநிலமாகிவிட்டது.

வரிசை எண் 4, ஹேமலதா, வில்வநகர்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
"எங்க வீட்டுக்காரர் இ-பாஸ் வாங்கிட்டார்மா,
மெட்ராஸ்லயே பாத்துட்டோம்.
வெறும் கொழுப்புக் கட்டியாம்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

முகவரியின் கடைசிச் சொல்லைப் பார்த்தே
யார் எடுப்பார்கள் என்று தெரிந்துவிடும்.
நகர், அவென்யூ, எடுப்பார்கள்.
காலனி என்று முடிந்தால்
இருமல்,
பிறகு அந்தப் பெண் குரல்: தொடர்பு எல்லைக்கு வெளியே.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஒரு வாரத்தில் விரலுக்கே பழகிவிட்டது.
ஐந்தரைக்குள் முடிக்க வேண்டுமே,
நகர்களை முதலில் அழைத்தேன்.

வரிசை எண் 27, கொளஞ்சி, வயது 46,
கெடிலக்கரைக் காலனி, கதவு எண் இல்லை.
இடது மார்பு. சுண்டைக்காய் அளவு.
பதினோரு முறை அழைத்தேன்.
பதினோரு முறை எழுதினேன்:
தொடர்பு கொள்ள இயலவில்லை.

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் தெருவில் விசில் கேட்கும்.
முகக்கவசம், கையுறை, சேலைமேல் பச்சைக் கோட்டு.
வாளியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு
நான்கடி பின்னால் வந்து நிற்பேன்.
அவரும் நான்கடி தள்ளி நின்று காத்திருப்பார்,
நான் நகரும்வரை.
ஒரு ஞாயிறு தெருவே அவருக்குக் கைதட்டியது.
சங்கச் செயலாளர் சால்வை போட்டார்,
மாடியிலிருந்து யாரோ பூத் தூவினார்கள்.
அந்தப் பூவையும் அவர்தான் கூட்டி அள்ளினார்.
கழுத்தில் ஓர் அட்டை,
எந்தத் தடுப்புக்குள்ளும் போய்க் குப்பை எடுக்கலாம்.
தகரம் அடித்த வீடுகளுக்குள்கூட.
முள்ளோடைக்கு அது செல்லாது.
ஆகஸ்டில் ஒருநாள்
இடக்கை மேலே வராமல்
வலக்கையால் மட்டும் வாளியைக் கவிழ்த்தார்.
பார்த்தேன்.
வெயில், அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் விசில் ஊதியது வேறு ஆள்,
மீசை அரும்பிய பையன்.
"அந்தம்மா எங்கேப்பா?"
"கொளஞ்சிக்காவா? பெரியாஸ்பத்திரில போட்டிருக்கு மேடம்.
நெஞ்சுல கட்டி, புண்ணாயிருச்சாம்.
கேம்ப்ல கூப்பிடறோம்னாங்களாம், கூப்பிடலயாம்."
"போன்..."
"அவங்க பாப்பா வச்சிருக்கும் மேடம்,
ஆன்லைன் கிளாசுக்கு.
சிக்னலுக்காகத் தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்துக்கும்,
வேற நம்பர்னா கட் பண்ணிரும்."

தூறல் வலுத்தது.
நான்கடி பின்னால் போக மறந்து
கேட்டருகிலேயே நின்றேன்.
பையன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.
"இதுல மக்குறது எது மேடம், மக்காதது எது?"

அன்று பிரிக்காமல் கொண்டுவந்திருந்தேன்.