கண்ணுள்ள பாதி

வாடை இறங்கினால் உப்புவெளியில்
குடைகளை மடக்கிக் கதிரைகளை அடுக்கிவிடுவார்கள்.
ஹோட்டல் குசினியில் இவருக்கு
தை முடியும்வரை அரைச் சம்பளம்.
பிள்ளைகளின் பசி மட்டும்
சீசன் பார்ப்பதில்லை.

கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்,
சின்னவளின் போன வருஷத்துக் கணக்குக் கொப்பி,
பின்பக்கத்திலிருந்து.
அரிசி, பருப்பு, மா,
சவர்க்காரம், காஸ்.
சீனிக்கு நேரே தொகை இல்லை,
ஒரு கேள்விக்குறி.

சின்னப் பைக்கற் நட்டம் என்று
எனக்கும் தெரியும்.
ஐம்பது கிராம் தேயிலையை இருபது தரம் வாங்கினால்
கடைக்காரன் மகளுக்குச் சங்கிலி வரும்.
ஆனால் ஒரு கிலோவுக்கான காசு
ஒரே நாளில் ஒரே கையில்
இருந்ததாக ஞாபகம் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டொரீனுக்கும் இதே கதைதான்.
மழைக்குள் யார் சட்டை தைக்கக் கொடுக்கிறார்கள்?
அப்படித்தான் தொடங்கியது பங்கு.
பத்துக் கிலோ அரிசிப் பையைச் சுண்டால் அளந்தோம்.
பால்மாவைக் கரண்டி கரண்டியாய் எண்ணினோம்.
நீளச் சவர்க்காரத்தை அவள்
தையல் நூலால் அறுத்தாள்,
ஒரு துகள் சிந்தவில்லை.

தேங்காயில்தான் சிக்கல்.
ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு காய்.
இருநூறு ரூபாய்க் காய்
எந்தக் கத்திக்கும் சரிபாதியாய்ப் பிளந்ததில்லை.
உடைத்தவள் கை வைக்கக் கூடாது,
மற்றவள்தான் முதலில் எடுப்பது
என்று சட்டம் போட்டோம்.

கண்ணுள்ள பாதி கெதியில் பழுதாகும்,
அன்றைக்கே துருவ வேண்டும்.
மற்றது மறுநாளும் கிடக்கும்.
என் முறையில் நான் எடுத்தது எப்போதும் மற்றது.
அவள் முறையில் அவள் எடுத்தது
கண்ணுள்ளது.
அவளிடம் பிரிட்ஜ் இருக்கிறதாக்கும் என்றிருந்தேன்.
பிறகொரு நாள் உள்ளே போனேன்,
இல்லை.

சனிக்கிழமை சந்தையில்
கோவாவின் வெளி இலைகளை உரித்து எறிவார்கள்.
குனிந்தேன்.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
அதே இலையில் வாய் வைத்தது.
இந்த ஊர் மான்களுக்கு மனிசரில் பயமில்லை.
எனக்குத்தான்,
தெரிந்தவர் யாரும் பார்ப்பார்களோ என்று.
அகலமானதை அது எடுத்தது,
நாலு இலை எனக்கு.
அன்றிரவு வறை.
எங்கே வாங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்கழியில், தொதல் கிண்டத்
தேங்காய் போதாது என்றாள் டொரீன்.
அடுத்த ஏழு காயிலும்
என் பாதியையும் நீயே வை என்றேன்.
இரண்டு கிழமை எங்கள் வீட்டில் ரசம்.
வெள்ளைக்காரருக்கு இறால் பொரித்த கை
அதையும் பிசைந்து, பேசாமல் சாப்பிட்டது.
கொப்பியில் எழுதினேன்:
டொரீன், தேங்காய் மூன்றரை.

நத்தார் காலையில் வேலிக்கு மேலால் ஒரு பீங்கான்.
எண்ணெய் மினுங்கும் தொதல்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை,
பதினொரு துண்டு.
ஆளுக்கு இரண்டு, மூன்றை
மாப் பேணிக்குப் பின்னால் ஒளித்தேன்.
பிறகு கொப்பியை எடுத்து
மூன்றை வெட்டினேன்.
அரை கிடக்கட்டும்.
வேலிக்குப் போக ஒரு சாட்டு வேண்டும்.

மாதக் கடைசியில் மிச்சம் பிடித்தது
ஆயிரத்து நூற்றுப் பத்து.
கரண்ட் பில் ஆயிரத்து நானூறு.

இன்று உடைப்பது நான்.
கத்தி முதுகால் மூன்று தட்டு.
பிளந்தது, வழக்கம்போல் கோணல்.
தண்ணீருக்கு மட்டும் சட்டம் இல்லை,
எந்த வீட்டுப் பிள்ளை முதலில் எழும்புகிறதோ
அதற்கு.
அவள் வருமுன்
கண்ணுள்ள பாதியை
மெல்ல என் பக்கம் நகர்த்தினேன்.

கண்டுவிட்டாள்.
"கை வைக்காதை,
உடைச்சவள் நீ."