தரம் இரண்டு

பூச்சியத்திலிருந்து ஐந்து வரை
தசையை அளக்க எங்களிடம் ஆறு எண்கள்.
ஐந்து: உங்களிடம் இருப்பது, நீங்கள் கவனிக்காதது.
ஒன்று: தோலுக்குக் கீழே ஒரு துடிப்பு,
பார்ப்பதற்கு மூச்சை அடக்கவேண்டும்.
பூச்சியத்தை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.
எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பேன்.
அங்கே தூன் ஏரி. அதற்குப் பின்னால்
யாரும் கேட்காமலே நிமிர்ந்து நிற்கிற மலை.

வெட்டித் தைக்கிற டொக்டராகத்தான் ஆசை.
பேர்ணில் இடமில்லை,
ஆறு மாதம் அங்கே போய் இரு என்றார்கள்.
பத்தொன்பது வருடம் ஆகிறது.
கலியாண வீடுகளில் தொழிலை விளக்கிக் களைத்துவிட்டேன்.
"அப்ப, மசாஜ் டொக்டரோ?" என்று
முதுகைத் திருப்பிக் காட்டினார் ஒருவர்,
கையில் பாயாசக் கோப்பையோடு.
அழுத்தியும் பார்த்தேன்.
உண்மையிலேயே அவருக்கு நாரி வலி இருந்தது.

சூர்புக்கன், மே மாதம்
வைக்கோல் பரணிலிருந்து விழுந்தவர்.
கழுத்தில் ஆறாவது எலும்பு.
விரல்கள் வரப்போவதில்லை, மணிக்கட்டு வரலாம்.
மணிக்கட்டு மேலே மடங்கினால்
விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும்;
நரம்பு மறந்ததை
நாண் நினைவில் வைத்திருக்கும்.
ஒரு கோப்பையைப் பிடிக்க அது போதும்.

தரம் இரண்டு என்றால்
பாரம் இல்லாவிட்டால் அசையும்.
பலகையில் பவுடர் தூவி
கையைப் பக்கவாட்டில் கிடத்தி
முன்கையின் எடையை என் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வேன்.
மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.
வீட்டில் சோறு பிசையும்போதும்
இந்தக் கையில் கொஞ்சம் பவுடர் மணக்கும்.

எண்களால் எண்ண அவருக்குப் பிடிக்காது.
அசைவுக்கு ஒரு மாட்டின் பெயர்:
மையெலி. கெம்ஸி. லுஸ்தி. டீகர்.
முதற் கிழமை டீகரோடு கை நின்றது.
காப்புறுதிப் படிவத்தில் "நான்கு" என்று எழுதினேன்.
ஆவணியில் பதினொன்று, ப்ரூனி வரை.
இடையில் ஒருநாள் லுஸ்தியைத் தாண்ட முடியாமல்
கெட்ட வார்த்தையால் ஏசினார்.
பிறகு, அது உங்களுக்கில்லை, லுஸ்திக்கு என்றார்.
அவள் எப்போதும்
வாசலை மறித்துக்கொண்டுதான் நிற்பாளாம்.

மனைவி டோரா என்னை லிஃப்ட் வாசலில் பிடித்துக் கேட்டாள்.
எல்லாரும் கேட்பதுதான்.
ஜேர்மனில் அதற்கு இரண்டு சொல் வேண்டும்,
தமிழில் ஒன்று போதும்: பழையபடி.
பழையபடி ஆகிவிடுவாரா?
இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன்,
வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடத்திலோ ஐந்தாம் வருடத்திலோ.
இப்போது இல்லை.
வீட்டை வந்து பார்க்கிறேன் என்றேன்.

சிம்மன் பள்ளத்தாக்கு. மழை.
வாசலில் ஐந்து கற்கள்.
பழைய படி.
நூறு வருடச் சப்பாத்துகள் நடுவைக் குழித்திருந்தன,
குழிக்குள் தண்ணீர்.
உயரம் தொண்ணூறு சென்ரிமீற்றர்.
தச்சன் நாடாவை இழுத்துக்கொண்டு புல்லில் நடந்தான்:
நூற்றுக்கு ஆறு சரிவென்றால்
பதினைந்து மீற்றர் பாதை,
ருபார்ப் பாத்தி இருக்கிற இடத்தில் ஒரு வளைவு.
டோரா ருபார்பைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
வெட்டுங்கள் என்றாள்.

தொழுவத்தில் எண்ணினேன். பதினாலு.
அவர் சொல்லும் கணக்கு இருபத்துமூன்று.
வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டுமே,
ஒன்பதை விற்றுவிட்டேன்,
அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள்.
வாசலில் எங்களை யாரும் மறிக்கவில்லை.

திங்கட்கிழமை பவுடர் தூவவில்லை.
கையைக் குப்புறக் கிடத்தினேன்,
அதன் முழுப் பாரத்தோடு.
என் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மையெலி என்றார், ஏறியது.
கெம்ஸி.
லுஸ்தி என்று சொல்லி, பல்லைக் கடித்து,
மெல்ல, மெல்ல, நின்றது, மறுபடி
ஏறியது.

விற்ற மாட்டுக்கென்று
படிவத்தில் தனிக் கட்டம் இல்லை.
மூன்று
என்று எழுதினேன்.