சாக்கு

கொரடாச்சேரி தாண்டி
மதகடிக் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தன் நான்.
தை பிறந்து பதினோரு நாள்.
களத்தில் இருபத்தாறு குவியல்.
சாக்கு வரவில்லை.
சாக்கு இல்லை என்பதே
தினமும் நான் சொல்லும் சாக்கு.

இரவில் வேலை என்று ஒன்றுமில்லை.
தராசைச் சுற்றி எலி,
தார்ப்பாய்க்கு மேல் பனி.
போனில் ஒரு நகரம் வைத்திருக்கிறேன்.
அதில் எனக்கு நான்கு கடை, ஒரு கிடங்கு,
கிடங்குக்கு மணிக்கணக்கில் வாடகை.

முதல் வாரம் பியானோ விற்றேன்.
ஒன்றுக்குத் தொள்ளாயிரம் நாணயம் லாபம்.
வாங்க ஒருவன் வருவதற்குள்
வாடகை பியானோவைக் காலோடு தின்றுவிடும்.
அப்புறம் அத்தர்.
எல்லோரும் அத்தர்.
‘கடல்நாகம் 88’ என்றொருவன்
என் விலைக்கு ஒரு நாணயம் கீழே வைப்பான்,
நான் அவனுக்கு ஒன்று கீழே போவேன்,
விடியும்போது இரண்டு பேரும்
அடக்க விலைக்கும் அடியில் கிடப்போம்,
வாய்க்கால் சேற்றில் நண்டு மாதிரி.

நெல் விற்கலாமே என்பீர்கள்.
அந்த ஊரிலும் நெல்லுக்கு
அடக்கம் பதினொன்று, விலை பன்னிரண்டு.
பார்த்ததும் சிரித்துவிட்டேன்.
செய்தவன் எந்த நாட்டுக்காரனோ,
இதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறான்.

ஜெசிந்தாவுக்கும் தூக்கமில்லை.
ஒன்பதாவது குவியல் அவருடையது.
ஆயிரத்து ஒன்பது ரகம், குத்தகை நிலம்,
முந்தாநாள் ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு,
பனி குடித்துக் குடித்து
இன்று பதினெட்டைத் தாண்டிவிட்டது.
கால்விரலால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டார்:
“என்ன சார் விக்கிறீங்க?”
“பித்தான்.”
“யாரு வாங்குறா?”
“சட்டை தைக்கிறவன்.”
கொஞ்ச நேரம் கிளறினார்.
“ஊரெல்லாம் சட்டை தைச்சா பித்தான் வேணும்.
ஊரெல்லாம் நெல்லு வச்சிருந்தா என்ன வேணும்னு
உங்களுக்குத் தெரியாது, பாவம்.”

பட்டியலைத் தள்ளித் தள்ளிப் போனேன்.
நூற்றுப் பன்னிரண்டாவது வரியில்,
படம்கூட ஒழுங்காய் வரையாத
ஒரு பழுப்புச் சதுரம்.
சாக்கு.
அடக்கம் அரை நாணயம்.
விற்பவர்: யாருமில்லை.

நான்கு கடையிலும் அதையே அடுக்கினேன்.
இரண்டு நாணயம் என்று போட்டேன்.
இருபது நிமிடத்தில் தட்டு காலி.
திரும்ப அடுக்கினேன், திரும்பக் காலி.
கடல்நாகமே ஐயாயிரம் வாங்கிவிட்டு
செய்தி அனுப்பினான்: இன்னும் இருக்கா?
பதினோரு நாளில் முதல்முறையாக
“சாக்கு இருக்கு” என்று
எழுதும்போது வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போல.

மூட்டை தூக்கும் பக்கிரிசாமி
தூக்கத்திலிருந்து விருட்டென எழுந்து
துண்டைத் தலையில் சுற்றினான்.
“லாரி வந்துருச்சா?”

யாரும் பதில் சொல்லவில்லை.
சுற்றிய துண்டோடு
ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஜெசிந்தா போனுக்குள் குனிந்தார்.
“எவ்வளவுன்னு வச்சிருக்கீங்க?”
“ரெண்டு.”
“மூணு வைங்க. தவிச்சுக் கெடக்கான்ல, குடுப்பான்.”
கோபமாகச் சொல்லவில்லை.
சிப்பத்துக்கு இவ்வளவு என்று
நாங்கள் அவரிடம் சொல்வோமே,
அந்தக் குரல். அச்சு அசலாக.

மூன்று வைத்தேன்.

கிழக்கே மின்னியது. தையில் மின்னுகிறது.
குவியலுக்குக் குவியல் ஆள் எழுந்து
தார்ப்பாயின் நுனி தேடி ஓடினார்கள்.
ஒன்பதாவதின் ஒரு முனையை நான் பிடித்தேன்,
இன்னொரு கையில் போன்.
முதல் துளி திரையில் விழுந்து
தன்னை ஒரு விரல் என்று சொல்லிக்கொண்டு
விலையை அழுத்தியது.
ஒன்று.

துடைப்பதற்குள்
நாலாயிரம் போய்விட்டது.