இருபத்தெட்டு அடி

பொருள் எண் நாற்பத்தொன்று.
சாரட்டு. நான்கு சக்கரம், வெள்ளித் தகடு,
உள்ளே கருஞ்சிவப்பு வெல்வெட், எலி கடித்தது ஒரு முழம்.
பதிவேட்டில் ஏற்ற, பொருளுக்கு நாற்பது ரூபாய் எனக்கு.
பல்லக்குக்கும் நாற்பது, பாக்குவெட்டிக்கும் நாற்பது.
சாரட்டுதான் இரண்டு நாளைத் தின்கிறது.

முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில் என்று
கானாடுகாத்தானில் நீண்டு கிடக்கும் வீடு.
இப்போது நுழைவுச்சீட்டு ஐம்பது, கேமராவுக்கு நூறு.
இரண்டாம் கட்டில்
சாரல் படாத தூரத்துக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏதோ ஒரு சமஸ்தானம் கடனில் மூழ்கி ஏலம் விட்டது.
பர்மாவில் மரமறுத்த பணம் வாங்கி வந்தது.
கதவில் சிங்கம் இருந்திருக்கிறது.
அதன்மேல் கஜலட்சுமியை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
தாமரைக்கு அடியில் நகம் தெரிகிறது.
குறிப்பு: நகம், நான்கு.

டேப்பின் மறுமுனையில் காவலாளி சவரிமுத்து.
நான் சொல்லும் அளவைத் திருப்பிச் சொல்வார்
பூசையில் பதில் சொல்கிற மாதிரி.
சக்கரத்துக்குச் சக்கரம் நாலரை அடி.
நாலரை அடி.
வலது பின்சக்கரம், இரும்புப் பட்டை, கனம் ஆறு நூல்.
ஆறு நூல்.
இடது, நாலு நூல்.
அவர் திருப்பிச் சொல்லவில்லை.

மறுபடி அளந்தோம். முன்சக்கரங்களும் அப்படியே.
மேலாளர் சேவுகப்பன் குனிந்து பார்த்தார்.
"மட்ட இரும்பு. ஏமாத்திட்டான்."
யார் என்று சொல்லவில்லை.
"பழுதுன்னு எழுதும்மா. திருச்சியிலேருந்து ஆள் வரும்,
நாலுக்கும் புதுப் பட்டை போட்டுரலாம்."

சாப்பாட்டு நேரம். டிபன் மூடியில் ஒட்டிய தயிரில்
விரலால் கோயிலை வரைந்தேன். சுற்றி நான்கு தெரு.
வலம் வரும் வண்டிக்கு
வலது சக்கரம் உள்ளே, இடது வெளியே.
நாலரை அடி அகலமென்றால்
ஒரு சுற்றுக்கு இருபத்தெட்டு அடி கூடுதல்.
சின்னக் கோயிலோ பெரிய ஊரோ, அதே இருபத்தெட்டு.
படித்த பி.எஸ்ஸி. கணக்கு
முதல்முறையாகச் சோறு வேளையில் வந்து உட்கார்ந்தது.

ஆக இந்த வண்டி காரைக்குடிக்குப் போனதில்லை.
தேவகோட்டைக்கும்.
போய்த் திரும்பியிருந்தால்
போன வளைவை வந்த வளைவு தின்றிருக்கும்.
இது சுற்றியது மட்டும்தான்.
குதிரை பூட்டி, பெட்ரோமாக்ஸ் பிடித்து,
நாயனம் முன்னே போக,
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர.

மொய் ஏட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது.
மாப்பிள்ளை தெனப்பன். பெண் சிகப்பி.
குதிரைக்காரன் கூலி தனிவரி.
தாலி ஏறியபின் பெண் இடப்பக்கம்.
இருக்கையில் ஆள் மத்திக்கும் ஆள் மத்திக்கும்
இரண்டு அடி வருகிறது.
அப்படியென்றால் அன்று ராத்திரி
சிகப்பி அவனைவிடப் பன்னிரண்டரை அடி
அதிகம் போயிருக்கிறாள்,
அதே மெத்தையில்,
அதே ரோஜாமாலை நெடியில்,
உட்கார்ந்தபடியே.

இதை எழுதக் கட்டம் தேடினேன்.
உயரம் இருக்கிறது. எடை, பூச்சு, கொடுத்தவர் பெயர்.
பழுது என்ற இடத்தில்
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
சேவுகப்பன் படிப்பார். நாற்பதை வெட்டுவார்.

ஐந்தே கால் பஸ்.
இடது வரிசை, பெண்கள் என்று பெயிண்டில் எழுதிய சீட்,
ஜன்னலோரம்.
ரயில்வே கேட் தாண்டியதும்
சாலை வலப்பக்கம் வளைகிறது.
டிரைவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.